ராமானுஜன் மெட்ரிகுலேஷன் படித்தது டவுன் ஹைஸ்கூலிலா, சென்னைப் பல்கலைக்கழகத்திலா?

14 ஜூன் 2022

ஒரு வாசகர் கேட்டது: “கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தார் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 1903-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெட்ரிகுலேஷன் தேறினார் என்று போட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பையன் எப்போது சென்னைக்குப் போனான்? இரண்டில் எது பொய்?”

14 ஜூன், இரவு

இரண்டும் உண்மை. பையன் சென்னைக்குப் போகவில்லை. 1898-ல் டவுன் ஹைஸ்கூலில் முதல் பாரத்தில் (இன்றைய ஆறாம் வகுப்பு) சேர்ந்தார், ஆறு வருடம் அங்கேயே படித்தார், 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் எழுதினார். பாடம் சொல்லிக்கொடுத்தது பள்ளி, பரீட்சை வைத்தது பல்கலைக்கழகம். அவ்வளவுதான்.

15 ஜூன்

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனது தப்பு. காலையில் பார்த்தால் மூன்று பேர் ஒரே கேள்வி: ஹைஸ்கூல் பையனுக்குப் பல்கலைக்கழகம் எதற்குப் பரீட்சை வைக்க வேண்டும்?

மெட்ரிகுலேஷன் என்ற சொல்லுக்கே பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் பெயர் ஏறுவது என்றுதான் பொருள். பள்ளி முடிந்தது என்று சொல்கிற தேர்வு இல்லை அது, உள்ளே வரலாமா என்று பார்க்கிற தேர்வு. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களையும் 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து ஆரம்பித்தார்கள். லண்டனில் அப்போது பல்கலைக்கழகத்தின் வேலை பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது. சென்னையும் அப்படித்தான், ரொம்ப காலத்துக்குப் பாடம் நடத்தும் துறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆகவே வெளியூர்ப் பள்ளியின் ஆறாவது பாரம் என்பது பல்கலைக்கழகத்தின் வாசல்படி. வாத்தியார் அங்கே சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த வாசலைத் தாண்டுவதற்குத்தான்.

1911-ல் எஸ்.எஸ்.எல்.சி. வந்த பிறகுதான் ஒரு பையன் “நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன்” என்று காகிதத்தோடு சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் மெட்ரிகுலேஷன் தவறினால் அவன் எதையும் முடிக்காதவன். கல்யாணப் பத்திரிகையில் ‘மெட்ரிகுலேஷன் பெயில்’ என்று போட்டுக்கொண்டார்கள் என்று கிண்டல் செய்வோம், ஆனால் யோசித்துப் பார்த்தால் அது ஒரு தகுதிதான். வாசல்வரை போனவன் என்று அர்த்தம்.

17 ஜூன்

ஒருவர் எழுதியிருக்கிறார்: “அப்படியானால் டவுன் ஹைஸ்கூல் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலிருந்து பிரிந்து வந்த பள்ளிதானே?” ஆமாம். அரசுக் கல்லூரியில் இருந்த பள்ளி வகுப்புகளைக் கழற்றிவிட்டபோது அந்தப் பையன்களுக்காக உண்டானது டவுன் ஹைஸ்கூல்.

18 ஜூன்

மேலே 17-ஆம் தேதி எழுதியதை நம்ப வேண்டாம். இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். டவுன் ஹைஸ்கூல் 1864-ல் ஆரம்பித்தது. கல்லூரி தன் பள்ளி வகுப்புகளை விட்டது 1881-ல். பதினேழு வருடம் கழித்துப் பிறந்த காரணத்துக்காக முன்கூட்டியே பள்ளி கட்ட மாட்டார்கள்.

நடந்தது வேறு, அதுதான் எனக்குப் பிடித்த கதையும். 1854-ல் கும்பகோணத்தில் ஒரு மாகாணப் பள்ளி வருகிறது, அரசாங்கப் பள்ளி. 1867-ல் அது கல்லூரி ஆகிறது. அதாவது கல்லூரிதான் பள்ளியிலிருந்து வந்தது! வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் என்ற துரையும் கோபால ராவும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். ஊரில் இன்றும் போர்ட்டர் டவுன் ஹால் இருக்கிறது, கோபால ராவ் பெயரில் நூலகமும் இருக்கிறது. எத்தனை பேர் அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போது யார் இந்த போர்ட்டர் என்று கேட்டிருப்போம்? நான் வெகுநாள் ரயில்வே போர்ட்டர்கள் கட்டின கட்டடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1877-ல் பட்டப்படிப்பு வரைக்கும் போகிற கல்லூரியாகப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நாலு வருடத்தில், இனிமேல் சின்னப் பையன்கள் வேண்டாம் என்று பள்ளியை உதறிவிட்டது. பெற்ற தாயை வீட்டைவிட்டு அனுப்பின மாதிரி.

அதனால் டவுன் ஹைஸ்கூல், நேட்டிவ் ஹைஸ்கூல் போன்ற பள்ளிகளுக்கு மவுசு ஏறியது என்று நினைக்கிறேன். அக்கரையில் கல்லூரி, இக்கரையில் அதற்குப் பையன்களைத் தயார் பண்ணுகிற பள்ளிகள்.

18 ஜூன், மாலை

‘தாயை அனுப்பின மாதிரி’ என்பது கொஞ்சம் அதிகம் என்று ஒரு அம்மா கண்டித்திருக்கிறார். சரி. தாய்க்குத் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

21 ஜூன்

“இக்கரை அக்கரை” என்று சும்மா சொல்லவில்லை. கல்லூரிக்குக் காவேரியைத் தாண்டித்தான் போக வேண்டும். ரொம்ப காலம் ஓடம்தான். நடைபாலம் வந்தது 1944-ல். என் பெரியப்பா அங்கே இண்டர்மீடியட் படித்தது 1941-லிருந்து 1943 வரை. “நான் வெளியே வந்த மறுவருஷம் பாலம் போட்டான்டா” என்று கடைசிவரை அங்கலாய்த்தார், ஏதோ அவரை ஏமாற்றுவதற்காகவே காத்திருந்து போட்ட மாதிரி. ஓடக்காரருக்குத்தான் வகுப்பு நேரமெல்லாம் மனப்பாடமாம். முதல் மணிக்குப் போகிற கூட்டத்தில் யாராவது வரவில்லை என்றால், “அந்த ஒல்லிப் பையன் எங்கே, காய்ச்சலா?” என்று விசாரிப்பாராம்.

ஜனவரிக் கடைசியில் மேட்டூரை மூடினால் ஆற்றில் நீர் வடிந்துவிடும். பரீட்சை வருகிற நேரத்தில் மணலில் நடந்தே போவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவில் ஓடுகிற கணுக்கால் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு. “மணல் சுட ஆரம்பித்தால் பரீட்சை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்” என்பார் பெரியப்பா. இந்த வருடம் மே 24-லேயே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். பள்ளி திறந்தது ஜூன் 13. அவர் இருந்திருந்தால் பஞ்சாங்கமே தப்பு என்றிருப்பார்.

ராமானுஜனும் 1904-ல் அந்தக் கல்லூரிக்கு எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரி வகுப்பு) படிக்கப் போனபோது இந்த ஓடத்தில்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு முன்னால் ஒரு புத்தகம் ஓடம் ஏறிவிட்டது. கார் என்பவர் தொகுத்த கணித நூல், ஐயாயிரத்துச் சொச்சம் தேற்றங்கள் வரிசையாக, நிரூபணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல். 1903-ல் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தார்.

22 ஜூன்

திருத்தம்: பள்ளி நூலகம் இல்லை. கல்லூரி நூலகத்தில் இருந்த புத்தகம், தெரிந்த கல்லூரிப் பையன்கள் மூலமாக வந்தது. (மேலே நானே ‘ஓடம் ஏறிவிட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பள்ளி நூலகம் என்றால் என்ன அர்த்தம்? சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.) இந்தத் திருத்தம் சின்னது இல்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இருந்த தொடர்பு ஆவணத்தில் இருந்ததைவிட இந்த மாதிரி ஆட்கள் வழியாகத்தான் அதிகம் இருந்தது. அவர் வீட்டில் கல்லூரிப் பையன்கள் குடியிருந்தார்கள், அவர்களுடைய கணக்குப் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துப் பையன் தீர்த்துக்கட்டினான்.

பள்ளி அவரைக் கொண்டாடியதும் உண்மை. ஏறத்தாழ 1,200 மாணவர்களை மூன்று டஜன் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கால அட்டவணை போடுகிற தலைவலி கணித ஆசிரியர் கணபதி சுப்பையருடையது. அவர் அதற்கு ராமானுஜனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். 1904-ல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுக்கும்போது தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அதே வருடம் அக்கரைக்குப் போனார். ஆங்கிலக் கட்டுரையில் தவறி, உபகாரச் சம்பளமும் போனது.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று வாத்தியாரை மடக்கின கதையைக் கேட்காதீர்கள். டெல்டாவில் அந்தக் கதை நடக்காத பள்ளிக்கூடமே இல்லை. எங்கள் பள்ளியிலும் நடந்ததாக ஒரு வாத்தியார் சத்தியம் பண்ணுவார்.

29 ஜூன்

“பல்கலைக்கழகம் மேதையைப் புரிந்துகொள்ளவில்லை” என்று இரண்டு பேர் கொதிக்கிறார்கள். நானும் இருபது வயதில் அப்படித்தான் பேசினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் ஆங்கிலம் விழுந்தது, பிறகு சென்னை பச்சையப்பனில் உடலியல் விழுந்தது. உடம்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் எழுதவில்லை, அவர்கள் மதிப்பெண் போடவில்லை. விதி அப்படி இருந்தது. ஆனால் 1913-ல் அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான், பட்டமே இல்லாத அந்த ஆளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஒரே நிறுவனம் வாசலில் ஒரு தடவை ‘வா’ என்றது, உள்ளே வந்ததும் ‘போ’ என்றது, பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. எந்த அலுவலகத்தில் இது நடக்கவில்லை?

2 ஜூலை

நேட்டிவ் ஹைஸ்கூல்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், எல்லாம் டவுன் பற்றியே என்று. வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி நேட்டிவ் மாணவர். அவர் 1935-லிருந்து 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பல்கலைக்கழகத்தின் வாசலில் தேர்வு எழுதி நின்ற டெல்டாப் பையன், ஆற்றின் கடைமடையில் வந்த இன்னொரு பல்கலைக்கழகத்தையே நடத்தினார். சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரியாக ஆரம்பித்து 1929-ல் பல்கலைக்கழகமானது அது. போதுமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில்தான் வக்கீல் தொழில் நடத்தினார். 1880-ல் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ.வே.சா.வும் அதே ஊரில். பல்கலைக்கழகப் பட்டம் முதலில் வாங்கினவர் ஒரு பக்கம், எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமல் திருவாவடுதுறையில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு வந்தவர் இன்னொரு பக்கம், இரண்டு பேர் கையிலும் பழைய ஏடு. இதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே விட்டால் திரும்பி வர மாட்டேன்.

9 ஜூலை

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: “எங்கள் ஊரில் கல்லூரி செத்துப்போய்ப் பள்ளி பிழைத்தது.” ஆமாம், பின்லே. கல்லூரி என்ற பெயரோடு இருந்தது, இப்போது மேல்நிலைப் பள்ளி. தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸும் அப்படியே, கல்லூரி போய்ப் பள்ளி நின்றது. திருச்சியில் செயின்ட் ஜோசப் 1844-ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1866-ல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1883-ல் திருச்சிக்கு இடம் மாறியது, அங்கே பள்ளியும் கல்லூரியும் இரண்டும் இருக்கின்றன. கும்பகோணத்தில் பிள்ளை தாயை அனுப்பியது (மன்னிக்கவும், தனிக்குடித்தனம்), தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் பிள்ளை போய்த் தாய் தங்கியது, திருச்சியில் கூட்டுக்குடும்பம்.

ஒன்று கவனித்தீர்களா, இத்தனை பள்ளிகளிலும் பழைய பெயரில் ‘ஆண்கள்’ என்ற சொல்லே கிடையாது. பள்ளி என்றாலே பையன்கள்தான் என்று இருந்த காலம். பெண்கள் பள்ளிக்குத்தான் ‘பெண்கள்’ என்று பெயரில் சேர்த்தார்கள்.

24 ஜூலை

இனி என் கதை. 1978-ல் தமிழ்நாட்டில் பத்தாவதுக்கு மேல் +1, +2 என்று கொண்டுவந்தார்கள். அதுவரை பதினோராவது முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. ஒரு வருடம் படிக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். 1881-ல் கல்லூரி பள்ளியை உதறியது என்றேன் அல்லவா, 97 வருடம் கழித்துக் கல்லூரியின் முதல் வகுப்பு பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததே இதுதான், ராமானுஜன் குறுக்கே வந்துவிட்டார்.

பெரியப்பா மகன் எனக்கு ஒரு வகுப்பு மூத்தவர். 1978-ல் அண்ணன் பழைய பதினோராவது முடித்தார், நான் பத்தாவது முடித்தேன். ஒரே ஜூன் மாதம், ஒரே வீட்டிலிருந்து கிளம்பினோம். அவர் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு ஒரு நோட்டை மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு. நான் காக்கியும் வெள்ளையும், தோளில் பை, காலையில் பிரேயர். அவர் பாலத்தின் மேல் நின்று சிகரெட் பிடிக்கலாம். நான் மணி அடித்த பிறகு உள்ளே வந்தால் முட்டி போட வேண்டும். என்ன கொடுமை என்றால் வேதியியலில் பாதிக்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

எங்கள் பள்ளி வேறு ஊர், பெயர் வேண்டாம். ஆய்வகம் என்று ஒன்று கிடையாது. சைக்கிள் ஷெட்டின் ஒரு பாதியைத் தட்டி வைத்து அடைத்து, சிமெண்ட் மேடை போட்டு, ‘வேதியியல் ஆய்வுக்கூடம்’ என்று எழுதினார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, குடத்தில் வரும். பியூரெட் ஆறு, நாங்கள் நாற்பத்தெட்டுப் பேர். எட்டுப் பேருக்கு ஒன்று, ஒருவன் திருகாணியைத் திறப்பான், ஒருவன் குடுவையைச் சுழற்றுவான், மீதி ஆறு பேர் நிறம் மாறியதா இல்லையா என்று சண்டை. ‘பி.ஜி. அசிஸ்டெண்ட்’ என்ற புதுப் பதவியில் வந்த சாருக்கு எங்களைவிட ஆறேழு வயதுதான் அதிகம் இருக்கும். கல்லூரிப் பையன்களை எதிர்பார்த்து வந்தவர் போல, முதல் நாள் எங்களை ‘ஜென்டில்மென்’ என்றார். மறுவாரம் பிரம்பு எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் பிப்பெட்டில் எதை உறிஞ்சுகிறேன் என்று பார்க்காமல் பெர்மாங்கனேட்டை உறிஞ்சிவிட்டேன். வாயைக் கொப்பளித்து எல்லாம் பண்ணியும் பல்லும் நாக்கும் பழுப்பு. வீட்டுக்குப் போனால் அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல வெத்தலை போட ஆரம்பிச்சுட்டியா?” என்று ஒரு அறை. விஞ்ஞானம் என்றேன். நம்பவில்லை.

25 ஜூலை

அண்ணன் இதைப் படித்துவிட்டு போன் பண்ணினார். சிகரெட் விஷயத்தை எடுக்கச் சொன்னார், பேரன் படிக்கிறானாம். எடுக்க மாட்டேன். வெற்றிலை என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்ததே அவர்தான் என்பதையும் இப்போதுதான் ஒப்புக்கொண்டார். நாற்பத்து நாலு வருடம்.

4 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு முடிந்தது, கொள்ளிடத்தில் வெள்ளம், ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். கரண்ட் இல்லாததால் சுருக்கமாக: தெருவுக்குத் தெரு ‘மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி’ என்று போர்டு இருக்கிறதே, அது என்ன என்று கேட்டவருக்கு. அந்தப் பள்ளிகள் நிஜமாகவே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை, சென்னை, மதுரை. 1978-ல்தான் அதற்குத் தனி வாரியம் வந்தது. அதாவது ராமானுஜன் எழுதின தேர்வின் பெயர் 75 வருடம் பல்கலைக்கழகத்தோடு ஒட்டிக்கொண்டே வந்து, நான் +1 சேர்ந்த அதே வருடம் கழன்றது. 2011-க்குள் சமச்சீர்ப் பாடமும் வந்துவிட்டதால் புத்தகமும் ஒன்றுதான். ‘மெட்ரிகுலேஷன்’ என்றால் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது, ‘மேல்நிலை’ என்றால் பள்ளியிலேயே இருப்பது. போர்டில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன, கட்டணமும் ஒன்றாகத்தான்.

22 டிசம்பர்

ராமானுஜன் பிறந்தநாள் என்று யாரோ இந்த இழையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பள்ளி மண்டபத்தில் பெரிய தேக்குப் பலகை ஒன்று உண்டு, தேறினவர்களில் முதலாவது வந்தவர் பெயர் வருடவாரியாக மஞ்சள் பெயிண்டில். மேலே ‘மெட்ரிகுலேஷன்’, நடுவில் தலைப்பு மாறி ‘எஸ்.எஸ்.எல்.சி.’. பிரேயரில் வெயில் ஏறும்போது அதைத்தான் படித்துக்கொண்டிருப்போம், எனக்கு இன்றும் பத்துப் பெயர் வரிசையாக வரும். போன வாரம் அக்கா மகன் ஒரு வேலையாக அங்கே போனவன் போட்டோ எடுத்து அனுப்பினான். பலகையை இறக்கி மேடைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், பாதியை பெஞ்சு மறைக்கிறது. கடைசி வரிசை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

எங்கள் செட்டில் முதல் மார்க் யார் என்று கேட்டிருந்தீர்கள். நான் இல்லை, அது தெரிந்ததுதான். பலகையிலும் இல்லை. ‘மேல்நிலை, 1980’ என்று தலைப்பு எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறது. கீழே வெறும் மரம். பெயிண்டர் அடுத்த வாரம் வந்து எழுதுவார் என்று அப்போது சொன்னார்கள்.